கமலா மேடத்தின் இடது கை

செய்தி வந்தபோது நான் பள்ளிச் சீருடையில் இருந்தேன். எங்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் அதை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். நம் இசைக்குழுவின் வாட்ஸ்அப் புலனத்தில் பெரிதாக எதுவும் வராது. வாரம் ஒருமுறை கமலா மேடம் ஒத்திகை நேரத்தை எழுதுவார்: "ஏழரை. ஏழரைன்னா ஏழரை." அன்றைக்குத் திரை முழுவதும் கூப்பிய கைகள். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். முதல் செய்தி லிம் அங்கிளுடையது. "பாஸ் போயிட்டாங்க" என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார். மேடத்தை அவர் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நினைவு நூலுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் செல்லோ வாசிப்பாளரும் செயலாளருமான யசோதா அக்கா கேட்டிருக்கிறார். எந்த மொழியிலும் எழுதலாம் என்றார். பண்டமாரானில் மேடத்தின் சொந்தக்காரர்கள் படிப்பார்கள் என்பதால் நான் தமிழில் எழுதுகிறேன். நூலின் முன்னுரையை அக்கா நேற்று எல்லாருக்கும் அனுப்பினார். அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது: "நோயின் தளர்ச்சியால் இறுதிக் கச்சேரியில் கை தவறியபோதும் மேடையை விட்டு இறங்காத உறுதி கொண்டவர்."

அந்த வரி தப்பு. குழுவில் அது தப்பு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லாமல் என் பக்கத்தை எழுத முடியாது. சொல்லவும் பயமாக இருக்கிறது. அம்மா தூங்கிய பிறகு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் அந்தக் கை எப்படிப்பட்டது என்பதை முதலில் எழுதினால்தான், அது ஏன் தவறியிருக்க முடியாது என்பது மற்றவர்களுக்கும் புரியும்.

கமலா மேடம் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பண்டமாரானில் பிறந்தவர். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததால் யாரும் எடுக்காத டிரம்பெட்தான் கிடைத்தது என்று அவரே சொல்வார். "அதோட வால்வு ஒண்ணு ஒட்டிக்கும். அதனால சில ஸ்வரம் வராது. வராத ஸ்வரத்துக்கு மத்தவங்களைப் பார்த்து, நீ வாசின்னு கையைக் காட்டுவேன். அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன்" என்பார். அந்த டிரம்பெட்டிலிருந்து ஹங்கேரி வரை போய்ப் படித்தார். கையில் ஒரு சின்னக் கோலுடன் மேடையில் நின்று எண்பது பேரை ஒன்றாக வாசிக்க வைக்கும் படிப்பு அது. பண்டமாரான் காப்பிக் கடையில் அவருடைய அப்பா, "என் மக கண்டக்டருக்குப் படிக்கிறா" என்றாராம். "எந்த பஸ்ல அண்ணே?" என்று கேட்டார்களாம். விடுமுறைக்கு வந்த மேடம் அதே கடைக்குப் போய், "எந்த பஸ்ஸா இருந்தா என்ன, ஏறுங்க அங்கிள். உங்களுக்கு டிக்கெட் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

திரும்பி வந்த பிறகு கோலாலம்பூரில் ஒரு பெரிய இசைக்குழுவில் பல ஆண்டுகள் துணை நடத்துநராக இருந்தார். துணை நடத்துநர் என்றால் மேடையில் நிற்பவர் என்று நான் நினைத்திருந்தேன். மேடம்தான் சொன்னார்: ஒத்திகையில் அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எது கேட்கவில்லை, எது கூடுதலாகக் கேட்கிறது என்று தலைமை நடத்துநரிடம் போய்ச் சொல்வதுதான் வேலை. கேட்ட எங்களுக்கு வருத்தமாக இருந்தது. அவர் சிரித்தார். "ஏன்லா மூஞ்சி இப்படிப் போகுது? எனக்குக் காது எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அந்த நாற்காலிதான் குடுத்துச்சு."

அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்துதான் நம் குழுவைத் தொடங்கினார். பதினோரு பேர். இறந்துபோனவர்கள் எழுதிய இசையைப் பெரிய குழுக்கள் நன்றாக வாசிக்கின்றன, உயிரோடு இருப்பவர்கள் எழுதுவதை நாம் வாசிப்போம் என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் தையல் கடைக்கு மேலே ஒரு மாடியில் ஒத்திகை. ரயில் போகும்போது சன்னல் அதிரும். கூடம் ரொம்ப மோசம் என்று பார்க்க வந்த ஒருவர் ஒருமுறை முகம் சுளித்தார். "ரயில் நேரத்துக்கு வருது சார். நம்மள்ல ரெண்டு பேரு அதுகூட இல்ல" என்றார் மேடம். அன்று தாமதமாக வந்திருந்த இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

நான் கிளாரினெட் வாசிப்பவள். நான்காம் படிவம் படிக்கிறேன், வயது பதினாறு. குழுவில் மற்றவர்கள் எல்லாரும் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்கள். தேர்வுக்கு வாசித்த அன்று, பள்ளிக்கூடப் பிள்ளையைச் சேர்ப்பது சரியாக வருமா என்று சிலர் கேட்டது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. மேடத்தின் பதிலும் கேட்டது. "நான் வயசைக் கேட்கல. வாசிச்சதைக் கேட்டேன்." உள்ளே கூப்பிட்டதும் பதற்றத்தில், "தேங்க்யூ ஆன்டி" என்றேன். "ஆன்டி வெளியில சாப்பாட்டுக் கடையில இருக்காங்க. இங்க கமலா" என்றார். என்னால் எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும்? மேடம் என்று கூப்பிட்டேன். அதுவே நின்றுவிட்டது.

முதல் ஒத்திகையிலேயே நம் குழுவின் பழக்கத்தைப் பார்த்தேன். கச்சேரிக்கு அடுத்த ஒத்திகையில், கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன், மேடையில் தப்பு செய்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். யாரும் எதுவும் சொல்லக் கூடாது. மேடம் ஒரு முறை சுற்றிப் பார்த்துத் தலையசைப்பார். கைகள் இறங்கும். முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அன்று முதலில் கையைத் தூக்கியவர் லிம் அங்கிள். கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் தமிழ் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர், நம் தாள வாத்தியக்காரர். இரண்டு கையையும் தூக்கினார். "ரெண்டு தப்பு பாஸ்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மேடமும்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கையைத் தூக்கினா அஞ்சு செகண்ட்ல முடிஞ்சுடும்மா. தூக்கலைன்னா உன்கூடவே வீட்டுக்கு வரும்."

இன்னொரு பழக்கமும் உண்டு. கை தூக்கியவர்கள், தப்பிய இடத்தில் தங்கள் இசைத்தாளில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்துகொள்ள வேண்டும். இங்கே தாளைப் பார்க்காதே, நடத்துபவரைப் பார் என்று அதற்குப் பொருள். அதைப் பென்சிலால்தான் வரைய வேண்டும். "அடுத்த தடவை சரியா வாசிச்சா அழிச்சிடணும். தப்புக்குக் கோயில் கட்டக் கூடாது" என்பார். லிம் அங்கிளின் தாள்களைப் பார்த்தால் ஒரு கண்ணாடிக் கடை மாதிரி இருக்கும்.

பண்டமாரானில் நாம் வாசித்த கச்சேரியை இந்த நூலில் எல்லாரும் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் எழுதாமல் இருக்க முடியாது. பொதுமண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே சுழலும் காற்றாடிகள். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். இரண்டாவது படைப்பின் நடுவில் முன்வரிசையில் இருந்த ஒரு ஆன்டி பக்கத்தில் இருந்தவரிடம், "எப்ப பாட்டு ஆரம்பிக்கும்?" என்று கேட்டது மேடை வரை கேட்டது. முடிந்ததும் மேடம் திரும்பி அவரிடமே பேசினார். "ஆன்டி, பாட்டு ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு. அது கொஞ்சம் கூச்ச சுபாவம், நேரா வந்து நிக்காது. நீங்க தேடாம உட்கார்ந்திருங்க, அதுவே பக்கத்துல வந்து உட்காரும்." மண்டபமே சிரித்தது. அடுத்த படைப்புக்கு யாரும் அசையவில்லை. அதில் லிம் அங்கிள் இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று தேய்ப்பார். மேடத்தின் அப்பா, தொண்ணூறை நெருங்கியவர், எழுந்து நின்றுவிட்டார். "கண்டெய்னர் இறங்குது! எங்க போர்ட்டு சத்தம்!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் பதினோரு பேர் மட்டும்தான். நடத்துபவரின் முகம் வாசிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருத்தியாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

இனி கடைசிக் கச்சேரி.

அன்று ஜோகூர் இளைஞர் ஒருவர் எழுதிய புதிய படைப்பை முதல்முறையாக வாசித்தோம். அதன் நடுவில் ஒரு நீண்ட மௌனம் வருகிறது. எவ்வளவு நேரம் என்று அவர் எழுதவில்லை. நடத்துபவரே முடிவு செய்ய வேண்டும். மேடம் வலக்கையின் கோலைத் தாழ்த்திவிட்டு, இடக்கையை மார்புக்கு நேராக மூடிப் பிடிப்பார். அந்தக் கை திறந்தால் நான், யசோதா அக்கா, லிம் அங்கிள் மூவரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஒத்திகைகளில் அந்த மௌனம் ஏறக்குறைய ஒன்பது எண்ணும் நேரம் நீண்டது. கச்சேரிக்கு முன் மேடம் எல்லாரையும் கூட்டிச் சொன்னார்: "இன்னிக்கு நீளமாப் பிடிக்கப் போறேன். அரங்கத்துல கடைசி ஆள் இருமி முடிக்கிற வரைக்கும். யாரும் எண்ணாதீங்க. என் கையைப் பாருங்க."

நான் எண்ணினேன். என் கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் இடத்து நாணல் பட்டை காய்ந்துவிட்டதோ என்று பயந்து அதை ஈரப்படுத்திக்கொண்டு, கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் ஒன்பது வரை எண்ணிவிட்டுத் தொடங்கிவிட்டேன்.

கிளாரினெட் ஒன்றுமே இல்லாததுபோல் தொடங்கி மெல்ல மெல்ல வளரக்கூடிய கருவி. என் முதல் மூச்சு அரங்கத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூட உறுதியாகக் கேட்டிருக்காது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பல ஆண்டுகள் கேட்ட காதுக்குக் கேட்டது. நான் தலையைத் தூக்கினேன். மேடத்தின் கை மூடியே இருந்தது. அவர் கண் என் மேல் இருந்தது. அடுத்த நொடி அந்தக் கை திறந்தது, என்னை நோக்கி, தானே கூப்பிட்டதுபோல.

நான் நிறுத்தியிருந்தால் அந்தப் படைப்பு அங்கேயே உடைந்திருக்கும். தனியாக வளரவிட்டிருந்தால் நான் தப்பியது அரங்கம் முழுவதற்கும் தெரிந்திருக்கும். அவர் இரண்டையும் நடக்கவிடவில்லை. ஆனால் நீண்ட மௌனத்துக்குத் தயாராக இருந்த யசோதா அக்காவின் வில் பாதியில் இறங்கியது. லிம் அங்கிளின் மணி தாமதமாக ஒலித்தது. கை முன்கூட்டித் திறந்துவிட்டது என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததில் பிழையில்லை. ஏன் திறந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

கச்சேரி முடிந்ததும் அந்த இளைஞர் மேடைக்குப் பின்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அந்த மௌனத்துக்காகத்தான் முழுசையும் எழுதினேன் மேடம்" என்றார். மேடம், "தெரியும். சாரி. என் கை" என்றார். நான் நான்கடி தூரத்தில் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

எப்போதும்போல அன்றும் மேடம்தான் என்னைக் கிள்ளானுக்குக் காரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் என் வேதியியல் தேர்வைப் பற்றிக் கேட்டார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏதாவது சொல்லணுமா?" என்றார். "இல்ல மேடம்" என்றேன். "சரிம்மா. பெட்டியை மறந்துடாத" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஒத்திகையில் கருவிகளை எடுப்பதற்கு முன் எல்லாரும் அமைதியாக நின்றோம். லிம் அங்கிள் தாமதமான மணிக்காகக் கையைத் தூக்கினார். யசோதா அக்கா தூக்கினார். மேடம் தன் இடது கையைத் தூக்கினார். நம் குழு தொடங்கிய நாளிலிருந்து அவர் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் தூக்குவதற்காகக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு நீண்ட மௌனம்தான். என் இரண்டு கைகளும் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு அவர் தலையசைத்தார். கைகள் இறங்கின.

அதுவே அவருடைய கடைசி ஒத்திகை. நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்பது அவர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் மரியாதையோடுதான் பேசினார்கள், பரிதாபத்தோடுதான் பேசினார்கள். "பாவம், அன்னிக்கே கை நடுங்கிருச்சு பாருங்க." "முடியாமத்தான் நடத்தியிருக்காங்க." ஒவ்வொருவர் சொல்லும்போதும் அது கொஞ்சம் வளர்ந்தது. கடைசியில் கை நடுங்கியதைத் தானே பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் அந்தக் கச்சேரிக்கு வரவே இல்லை. இப்போது அது முன்னுரையில் ஒரு வரியாக அச்சுக்குப் போகிறது.

அம்மாவிடம் மட்டும் நேற்று சொன்னேன். அம்மா, "அவங்களே தன் கைதான்னு சொல்லிட்டாங்க இல்ல? நீ ஏன் இப்பப் போயி முன்னால நிக்கிற?" என்றார். "உன்னைச் சேர்க்க வேணாம்னு சொன்னவங்க இன்னும் அங்கதானே இருக்காங்க? போனவங்களுக்கு இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல. உனக்குத்தான் ஆகும். எழுதாத." அம்மா எனக்காகத்தான் பயப்படுகிறார். எனக்கும் அதே பயம்தான். நினைவுக் கச்சேரியில் அதே படைப்பை வாசிக்கப்போகிறோம். மணியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு லிம் அங்கிள் நடத்துகிறார். அந்த மௌனத்துக்குப் பிறகு தொடங்கும் இடத்தை என்னிடமிருந்து எடுத்து வேறு யாருக்காவது கொடுக்கலாம். குழுவை விட்டே போகச் சொல்லலாம். மேடம் இவளைச் சேர்த்ததே தப்பு என்று யாராவது சொல்லலாம். இதை நினைத்துத்தான் முதல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் போனவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் ஆயுள் முழுவதும் செய்த வேலை அந்தக் கையில் இருந்தது. பண்டமாரான் லோரிக்காரரின் மகள் இந்த நாட்டில் அந்தக் கையைத் தூக்கினால் பதினோரு பேர் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். நோய் வந்தது உண்மை. ஆனால் கடைசிக் கச்சேரியிலும் அந்தக் கை நடுங்கவில்லை. நேராகப் பார்த்தவள் சொல்கிறேன், கல்மாதிரி இருந்தது. திறந்தபோதும் அது தவறித் திறக்கவில்லை. ஒரு நொடிக்குள் யோசித்து, என்ன செய்கிறோம் என்று தெரிந்தே திறந்தது. அவர் வாழ்க்கையில் அதைவிட வேகமாகவும் சரியாகவும் ஒரு சைகை கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தளர்ச்சி என்று அச்சடிக்கக் கூடாது. என்னைச் சேர்த்தது தப்பு என்று நினைப்பவர்களிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன். தப்பே செய்யாத ஆள் வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கை தூக்கும் ஆள்தான் கேட்டார். அதில்தான் நான் தாமதம்.

யசோதா அக்கா, தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். லிம் அங்கிளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவருக்கு இதை வேறு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம். சனிக்கிழமை ஒத்திகையில், கருவிகளை எடுப்பதற்கு முன், நானே வாசித்துக் காட்டுகிறேன். அதற்குப் பிறகு நான் எங்கே உட்கார வேண்டும் என்று குழு சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன். ஜோகூர் அண்ணனுக்கும் தனியாக எழுதுகிறேன். அவருடைய மௌனத்தை உடைத்தது நான்.

மேடத்திடமிருந்து என்னிடம் பொருளாக எதுவும் இல்லை. அவர் கோல் அவர் அப்பாவிடம் இருக்கிறது. அங்கேதான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது அந்தப் படைப்பின் கிளாரினெட் தாள் மட்டும். இதை எழுத உட்காரும் முன் அதை எடுத்துப் பிரித்தேன். மௌனம் வரும் இடத்துக்கு மேலே பென்சிலால் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்தேன். கை நடுங்கியதில் ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் வந்திருக்கிறது. சரியாக வாசித்தால் அழித்துவிட வேண்டும் என்பது மேடத்தின் விதி. அவர் சொன்ன எல்லா விதியையும் கேட்பேன். இதை மட்டும் அழிக்க மாட்டேன்.